எண் போடாத கேசட்

மினா
10 ஜனவரி 1993

என் அன்புத் தம்பி ஜப்பூருக்கு,

அக்கா லோரிஸ் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நலமாக இருக்கிறேன். இடது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய்? தெரேஸுக்கு வாந்தி நின்றதா? ஆறாம் மாதம், பாரம் தூக்க விடாதே. சிட்னியில் பனிக்காலத்தில் வெயில் கொளுத்துகிறதாமே, என்ன ஊரோ அது!

இங்கே மழைத் தண்ணீர் ஊறி, உன் அறைச் சுவர் முழுக்கப் பாசி. வெள்ளையடிக்க ஆள் வந்தான். கட்டிலை நகர்த்தினால் அடியில் உன் பொக்கிஷம்! மீன் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி, அம்மாவின் பழைய மேசைவிரிப்பைப் போட்டு மூடியிருந்தாய். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு கேசட். 'ஜப்பூர் காக்டெயில் – 1', 'ஜப்பூர் காக்டெயில் – 2' என்று உன் கோழிக் கிறுக்கல். முதலில் சிரித்தேன், பிறகு உட்கார்ந்து அழுதேன்.

என்ன அட்டகாசம் பண்ணுவாய் அப்போது! ரேடியோவுக்கு முன்னால் ரெக்கார்டரை வைத்துவிட்டு கதவைச் சாத்திக்கொள்வாய். வீட்டில் யாரும் மூச்சு விடக் கூடாது. அம்மா வெங்காயம் வதக்கினால் "சத்தம் விழுது!" என்று உள்ளேயிருந்து கத்துவாய். அறிவிப்பாளன் வாயைத் திறப்பதற்குள் உன் விரல் பொத்தானில் 'டக்'. மினா முழுவதிலும் அறிவிப்பாளன் குரல் விழாத கேசட் உன்னிடம் மட்டும்தான் இருந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் நம் படிக்கட்டில் வரிசையில் நின்றதை மறந்துவிட்டாயா?

விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் முடிந்த மறு ஞாயிறு, கோயில் பெண்கள் சங்கம் இலவச மருந்தகத்துக்காக ஏலம் நடத்துகிறது. உள்நாட்டுச் சண்டையில் ஊரில் பாதிப் பேருக்கு வீட்டோடு பாட்டும் எரிந்துபோயிற்று. உன் கேசட்டுக்குப் பறப்பார்கள். பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டேன். கேட்காமல் கொடுத்ததற்குத் திட்டாதே.

மேல்மாடி உம் நதீம் அத்தை உன்னை விசாரித்தார். அவர் பிள்ளை நதீம் காணாமல் போய் ஏழு வருஷம் முடிந்துவிட்டது. இன்னமும் ஞாயிறுதோறும் மகன் பெயரை உயிரோடு இருப்பவர்களுக்கான ஜெபச் சீட்டில்தான் எழுதிக் கொடுக்கிறார். சாமியாருக்கும் அதைத் தடுக்க மனசு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். தெரேஸுக்கு என் முத்தம்.

உன் அக்கா
லோரிஸ்

*

சிட்னி
2 பிப்ரவரி 1993

பிரியமுள்ள அக்காவுக்கு,

ஜப்பூர் எழுதும் கடிதம். நாங்கள் நலம். தெரேஸ் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், என் பங்கையும் சேர்த்து. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வழக்கம்போல வாயால் மட்டும் வைத்தியம் பார்க்கிறாயா?

கேசட் விஷயம் படித்துவிட்டு பேக்கரியில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். என் காக்டெயில் ஏலத்துக்குப் போகிறதா! நான் இறக்கும் முன்னே புனிதனாகிவிட்டேன் போ. தாராளமாகக் கொடு. பதினேழாம் எண்ணைக் கொஞ்சம் விலை ஏற்றி விடு, அதில்தான் எல்லாம் சுத்தமாக விழுந்திருக்கும்.

ஒன்றே ஒன்று. பெட்டியில் எண் போடாமல், பச்சை மையில் தேதி மட்டும் எழுதிய ஒரு கேசட் இருக்கும். அதை மட்டும் எடுத்து வைத்துவிடு. பெரிதாக ஒன்றுமில்லை. பதிவு மோசம், விற்றால் என் மானம் போகும்.

உம் நதீம் அத்தைக்கு என் வணக்கம் சொல்.

உன் தம்பி
ஜப்பூர்

*

மினா
24 பிப்ரவரி 1993

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். ஒத்தடம் கொடுக்கிறேன், போதுமா? தெரேஸ் சாப்பிடுகிறாள் என்று கேட்டு வயிறு நிறைந்தது.

நீ கேட்ட பச்சை மை கேசட்டை எடுக்க முடியாது போலிருக்கிறது. சங்கத்துப் பெண்கள் ஏற்கெனவே எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, மண்டபத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். எண் இல்லாத கேசட்டைப் பார்த்ததும் ஒருத்தி கேட்டாள், "ஏன்டீ லோரிஸ், இது அந்த கேசட் இல்ல?" பார்த்தால் அதேதான். 15-10-85. உன்னைச் சந்தேகப்பட்டபோது சாமியார் முன்னால் போட்டுக் காட்டினாயே, அதுதான்.

அந்த நாளை நினைத்தாலே இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. நாலரை மணிக்கு நதீமைக் காரில் ஏற்றிப் போன துப்பாக்கிக்காரர்களோடு உன் சாம்பல் நிறச் சட்டையைப் பார்த்ததாகப் பேரீச்சம்பழக் கடைக்காரன் உளறினான். நதீமின் மாமா கத்தியோடு வந்து நின்றார். நல்லவேளை, இந்த கேசட் இருந்தது. "இன்னைக்குப் பதினஞ்சு, செவ்வாய்" என்று உன் குரல், உடனே ரேடியோவில் நாலு மணிச் செய்தி. இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு சாமியார் நிறுத்தச் சொன்னார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

இதைக் கேள். உம் நதீம் அத்தை அலமாரி முன்னால் வந்து நின்று, கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டே இருந்தார். என்னிடம் சொன்னார், "லோரிஸ், அந்தச் சாயங்காலம் இதுக்குள்ள இருக்கும்மா. என் பிள்ளை கடைசியா இருந்த அந்த ஒரு மணி நேரம். அவன் காதுல விழுந்த அதே பாட்டு. எனக்கு அது வேணும்." சும்மாவே தந்துவிடச் சொல்கிறேன் என்றேன். "பிச்சை வேண்டாம், ஏலத்துலயே எடுக்கறேன்" என்றுவிட்டார். வைராக்கியக்காரி. அவரே எடுத்துக்கொள்ளட்டுமே, ஜப்பூர். மோசமான பதிவாக இருந்தால் அவருக்கென்ன?

உன் சுகத்தை எழுது.

லோரிஸ்

*

சிட்னி
13 மார்ச் 1993

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஊருக்கு வரும் ஒரு நண்பர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இருநூறு டாலர் இருக்கும்.

அந்த கேசட்டை நீ ஏலத்தில் எடுத்துவிடு. என்ன விலை போனாலும் எடு. பணம் பற்றாவிட்டால் யாரிடமாவது கைமாற்று வாங்கு, நான் அனுப்புகிறேன். உம் நதீம் அத்தை கைக்குப் போகக் கூடாது. காரணம் கேட்டாயானால், அது என் நிரபராதிச் சான்று. நாளைக்கு எவனாவது பழைய கதையைக் கிளப்பினால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? இங்கே குடியுரிமைக்கு மனு போட்டிருக்கிறேன், அதற்கும் தேவைப்படலாம்.

அத்தைக்கும் அது நல்லதல்ல. ஆறின புண்ணைக் கிளறுவானேன்?

இன்னொன்று. அதைப் போட்டுப் பார்க்காதே. நாடா பழசு, அறுந்துவிடும்.

தெரேஸ் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

ஜப்பூர்

*

மினா
29 மார்ச் 1993

தம்பி ஜப்பூருக்கு,

அக்கா நலம். பணம் வந்தது, லிராவில் இரண்டு லட்சத்துக்கு மேல். கொண்டுவந்தவர் நல்ல மனிதர், காபி குடித்துவிட்டுத்தான் போனார். தெரேஸுக்கு நாள் நெருங்குகிறது, பயப்பட வேண்டாமென்று சொல். நம் அம்மா உன்னைப் பெற்ற அன்று காலைவரை மாடிப்படி கழுவினாள்.

கேசட்டை எடுக்கச் சொல்கிறாய், எடுக்கிறேன். நீ சொல்லி நான் எதைச் செய்யாமல் இருந்தேன்? ஆனால் உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். முதல் கடிதத்தில் பதிவு மோசம் என்றாய். இரண்டாவதில் அது நிரபராதிச் சான்று. சான்று என்றால் பத்திரமாகப் போட்டுக் கேட்கத்தானே வேண்டும், ஏன் கேட்கக் கூடாது? ஆறின புண் என்கிறாய். அந்த அம்மாளுக்கு எது ஆறியது? பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாய்க்குப் புண் எங்கே ஆறும்?

உனக்காக நான் நற்செய்தி நூலின்மேல் கை வைத்தவள், ஜப்பூர். "சாமி, அவன் உள்ளதான் இருந்தான். பாட்டு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு தடவை காபி வேணுமான்னு கதவத் தட்டினேன். பதிவு பண்ணும்போது அவன் செத்தாலும் பதில் சொல்ல மாட்டான்" என்றேன். அவ்வளவு துக்கத்திலும் அங்கே இரண்டு பேர் சிரித்தார்கள். உனக்கு நினைவிருக்கிறதா?

ஒரு வரி எழுது. அந்த கேசட்டில் என்ன இருக்கிறது? நான் உன் அக்கா, எவளோ இல்லை.

ஈஸ்டர் வாழ்த்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடிதம் எப்போது வந்து சேருமோ!

லோரிஸ்

*

சிட்னி
17 ஏப்ரல் 1993

அன்பு அக்காவுக்கு,

நாளை ஈஸ்டர், வாழ்த்துகள்! உன் தம்பி அப்பாவாகிவிட்டான். பதினான்காம் தேதி காலையில் பெண் பிறந்தாள். மூன்று கிலோ முந்நூறு கிராம், தலை நிறைய முடி. தாயும் சேயும் நலம். அம்மாவின் பெயரையே வைக்கிறோம், வார்தே. மூக்கு உன் மூக்கு, பாவம் குழந்தை.

அவளைக் கையில் வாங்கியபோது சுவரோடு சாய்ந்துகொண்டேன். தாதி, "கீழே போட்டுடாதீங்க" என்று சிரித்தாள். உட்கார்ந்தே தூக்குகிறேன். இவளுக்கு ஒன்று ஆனால் நான் என்ன ஆவேன் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. முன்பெல்லாம் இப்படித் தோன்றாது.

கேசட் விஷயத்தில் நான் சொன்னதைச் செய். எடுத்ததும் துறைமுகத்துக்குப் போய்க் கடலில் எறிந்துவிடு. என்றாவது நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

படம் எடுத்ததும் அனுப்புகிறேன். கால் ஜாக்கிரதை.

ஜப்பூர்

*

மினா
26 ஏப்ரல் 1993

ஜப்பூருக்கு,

சுகம். உன்னிடமிருந்து ஈஸ்டருக்கு ஒன்றும் வரவில்லை. பிரசவம் ஆயிற்றோ இல்லையோ என்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். நல்ல செய்தியாகவே இருக்கட்டும்.

நேற்று ஏலம் முடிந்தது. நீ கேட்டபடி கேசட் என் கைப்பையில் இருக்கிறது. எப்படி வந்தது என்று கேள்.

ஏலம் கூறியது அபூ ஸ்பிரோ. தினமும் மீன் ஏலம் விடுகிற வாய், அதுக்குக் கோயில் மண்டபமும் மீன் சந்தையும் ஒன்றுதான். உன் முதல் கேசட்டை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி தூக்கி, "இன்னும் துள்ளுது பாருங்க, சாமி! முள்ளே கிடையாது! அறிவிப்பாளன் குரல் ஒரு துளி கிடையாது!" என்றார். மண்டபமே குலுங்கியது. வழக்கம் உனக்குத் தெரியும். எடுத்தவர் "கோயிலுக்கே திருப்பி!" என்று கூவுவார், அதையே மறுபடி ஏலம் விடுவார்கள். உன் பதினேழு மட்டும் நாலு தடவை விற்றது. நான் கைதட்டிக் கைதட்டி, வந்த காரியத்தையே மறந்தேன்.

கடைசியில் எண் போடாத கேசட் வந்தது. அபூ ஸ்பிரோ குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. எல்லாருக்கும் தெரியும்" என்றார். உம் நதீம் அத்தை கையைத் தூக்கி, "இருபதாயிரம் லிரா" என்றார். வேறு யாருக்கும் கேட்க மனசில்லை. அபூ ஸ்பிரோ ஒரு தரம், ரெண்டு தரம் என்று வேகமாகச் சொல்லி முடிக்கப் பார்த்தார். நான் எழுந்து, "முப்பது" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள், ஜப்பூர். கோயிலுக்கு விலை ஏற்றிவிடுகிறேன் என்று நினைத்தார்கள். அத்தைகூடத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நாற்பது என்றார், நான் ஐம்பது. எண்பத்தைந்தாயிரத்தில் அவர் கையில் இருந்தது தீர்ந்துவிட்டது. நான் தொண்ணூறு என்றதும் சிரிப்பு நின்றது. பின்வரிசைப் பெண் தன் பையிலிருந்து எடுத்து அத்தை மடியில் போட்டாள். பக்கத்தில் இருந்தவளும் போட்டாள். அத்தை விலையை ஏற்றினார். நானும் ஏற்றினேன். வரிசை வரிசையாக மடியில் பணம் விழ, ஒரு மண்டபத்தையே எதிர்த்து நான் தன்னந்தனியாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். காது சூடாகிவிட்டது. இரண்டு லட்சத்தைத் தாண்டியதும் அத்தை கையை இறக்கி, "போதும், நீங்க குடுக்காதீங்க" என்று அவர்களிடம் சொன்னார்.

அபூ ஸ்பிரோவுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா, கோயிலுக்கு எவ்வளவு சம்பாதிச்சுக் குடுத்தா! லோரிஸ் திருப்பித் தர்றா! கோயிலுக்கே திருப்பி!" என்று கையை நீட்டினார். தன் வீட்டுப் பொருளைத் தானே எடுத்தால் திருப்பித் தருவதுதானே மரியாதை? எல்லோரும் தட்டத் தொடங்கினார்கள். "இல்ல. நான் வச்சுக்கறேன்" என்றேன்.

தட்டின கைகள் நின்றுவிட்டன. என் நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு வெட்கத்தை நான் அனுபவித்ததில்லை. மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தைதான் வந்து என் முழங்கையைப் பிடித்தார். கோபமில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "உன் தம்பி ஞாபகமா வச்சுக்க ஆசைப்படற, அதுல தப்பென்ன? உன் வீட்டுலயே வச்சு ஒரே ஒரு தரம் எனக்குப் போட்டுக் காட்டு. வியாழக்கிழமை வரட்டுமா?"

வாங்க என்றேன். நாடா அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும்.

லோரிஸ்

*

மினா
30 ஏப்ரல் 1993

ஜப்பூர்,

இன்று காலை உன் கடிதம் வந்தது. வார்தேக்கு என் ஆசீர்வாதம். அவள் நூறு வயசு இருக்கட்டும், ஒரு நாளும் அவளைத் தேட வேண்டி வராமல் இருக்கட்டும். கடலில் எறியச் சொல்லியிருந்தாய். ஒரு நாள் தாமதமாகிவிட்டது.

நேற்று நாலு மணிக்கு அத்தை வந்தார். நல்ல உடை உடுத்தி, தலை வாரி, துக்க வீட்டுக்கா கல்யாண வீட்டுக்கா என்று தெரியாத மாதிரி. உன் அறையிலேயே உட்கார்ந்தோம், சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. காபி வைத்தேன். போட்டேன்.

"இன்னைக்குப் பதினஞ்சு, செவ்வாய்." உன் குரல். பிறகு நாலு மணிச் செய்தி. அன்று சாமியார் முன்னால் இதோடு நிறுத்தினோம். நேற்று யாரும் நிறுத்தவில்லை.

மூன்றாம் நிமிஷமோ என்னவோ, செய்தி நடுவிலேயே ஒரு இரும்புச் சத்தம். உன் அறையின் பின்ஜன்னல் கொக்கி. தூக்கித் தள்ளினால்தான் திறக்கும், எண்ணெய் போடு போடு என்று அம்மா தொண்டை கிழியக் கத்துவாளே, அது. ஜன்னலைக் காற்றுக்காகத் திறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?

செய்தி முடிந்தது, பாட்டு வந்தது. முடிந்ததும் அறிவிப்பாளன் வந்தான், "அன்பு நேயர்களே" என்றான். நான் 'டக்' வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. சோப்பு விளம்பரம் முழுதாக ஓடியது. அடுத்த பாட்டு, அதன்மேல் அவன் பேச்சு, டயர் விளம்பரம், மறுபடி பாட்டு. முப்பத்தேழு கேசட்டில் ஒரு வார்த்தை விழவிடாத நீ, அன்று நாற்பத்தைந்து நிமிஷமும் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை. ஒரு இருமல் இல்லை. நாற்காலி கிறீச்சிடவில்லை. ஒரு கேசட்டிலும் நீ தேதி சொன்னதில்லையே, அன்று மட்டும் ஏன் சொன்னாய் என்று ஏழு வருஷமாக எனக்குத் தோன்றவே இல்லை. என்ன மடச்சி நான்!

பாதி நாடாவில் கதவு தட்டும் சத்தம். என் குரல், எவ்வளவு இளமையாக இருக்கிறது! "ஜப்பூர், காபி வேணுமாடா?" ஒன்றுமில்லை. மறுபடி தட்டல். "டேய் செவிடா, ஆறிடும்டா!" ஒன்றுமில்லை. பிறகு என் செருப்புச் சத்தம் தேய்ந்து போகிறது. ரேடியோ பாடிக்கொண்டே இருக்கிறது.

அத்தை கடைசிவரை கேட்டார். நாடா நின்றதும் எழுந்து, தன் கோப்பையைச் சமையலறைக்கு எடுத்துப் போய்க் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "அவன் உள்ள இல்லையே, லோரிஸ்" என்றார். குரல் உயரவில்லை. அவர் காலில் விழுந்தேன். "நான் வேணும்னு பொய் சொல்லல அத்தை, என் பிள்ளை மாதிரி நம்பினேன் அத்தை" என்று கதறினேன். என்னைத் தூக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. "அப்ப அவனுக்குத் தெரியும். என் பிள்ளை எங்கன்னு அவனுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மாடியேறிப் போனார்.

உன் பையைச் சுமந்தேன், உனக்குச் சோறு போட்டேன், உனக்காகச் சத்தியம் பண்ணினேன். என் கையை நானே பார்க்கக் கூசுகிறது.

லோரிஸ்

*

சிட்னி
17 மே 1993

அன்பு அக்காவுக்கு,

நலமறிய ஆவல். ஏலம் பற்றிய உன் கடிதம் நேற்றுதான் வந்தது. இந்தக் கடிதம் நீ சொன்ன வியாழக்கிழமைக்கு முன் வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். போடாதே அக்கா. ரெக்கார்டர் கெட்டுவிட்டது என்று சொல். காணாமல் போய்விட்டது என்று சொல். அடுப்பில் போடு.

நேற்றிலிருந்து மளிகைக் கடைக்கு ஏழு தடவை போன் போட்டேன். நீ வெளியே போயிருப்பதாகவே கடைக்காரன் சொல்கிறான். எப்போது வருவாய் என்று சொல்லியனுப்பு, நான் கூப்பிடுகிறேன். பேசினால் உனக்குப் புரியும். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அது என்ன காலம் என்று உனக்குத் தெரியும், முடியாது என்று சொன்னவன் கதி என்ன என்றும் தெரியும்.

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறாள். படம் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி
ஜப்பூர்

*

மினா
10 ஜூன் 1993

ஜப்பூர்,

நீ போன் போட்டபோது நான் வெளியே போகவில்லை. கடைக்காரன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இல்லை என்று சொல்லச் சொன்னதே நான்தான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அத்தை மாடியிலிருந்து இறங்கி வருகிறார். கதவைத் தட்டுவதில்லை. தபால்காரன் போனதும் என் முகத்தைப் பார்க்கிறார். நான் தலையை ஆட்டுகிறேன். அவர் மேலே போகிறார். நதீமின் மாமாவிடமும் சொல்லவில்லை, போலீசுக்கும் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டேன். "அவனைத் தூக்குல போட்டு எனக்கு என்ன ஆகப்போகுது? என் பிள்ளை எங்கன்னு மட்டும் கேட்டு வாங்கிக் குடு. உசிரோட இருந்தா போய்ப் பாக்கறேன். இல்லன்னா எலும்பையாவது கொண்டாந்து வைக்கறேன். ஞாயித்துக்கிழமை எந்தச் சீட்டுல எழுதறதுன்னு தெரிஞ்சா போதும்" என்றார்.

அவருக்கு மூச்சிரைப்பு கூடிவிட்டது. மருந்தகத்து டாக்டர் பனிக்காலம் தாண்டுவது கஷ்டம் என்கிறார். அதற்குள் பதில் வேண்டும்.

உன் வயசு, அந்தக் காலம், உன் பயம் எதுவும் எனக்கு எழுதாதே. என் உடம்பை விசாரிக்காதே. குழந்தையைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதாதே, அவள் பாவம். இடத்தின் பெயரை எழுது. எழுதவில்லை என்றால் உனக்கு அக்கா இல்லை, அவ்வளவுதான்.

லோரிஸ்

*

4 ஜூலை 1993

கூரா போகும் பழைய சாலையில், இரண்டாவது பாலம் தாண்டி வலது பக்கம் மண்பாதை. கொஞ்சம் உள்ளே போனால் இடிந்த சுண்ணாம்புக் காளவாய் ஒன்று வரும். அதன் பின்னால் ஆலிவ் தோப்பு. தோப்பின் மேல் மூலையில் தண்ணீர் இல்லாத கிணறு. வாயில் கல் போட்டு மூடியிருக்கும். சாமியாரையும் இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு போ, அத்தையைத் தனியாக விடாதே.

நதீம் அன்றைக்கே இறந்துவிட்டான். சும்மா விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். நான் கூப்பிட்டால்தான் பயப்படாமல் வருவான் என்றார்கள். கூப்பிட்டேன், வந்தான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னான். வலிக்காமல் போனான் என்று அத்தையிடம் சொல்லலாமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. என்னைப் பாதியிலேயே இறக்கிவிட்டார்கள். இடத்தைக்கூட அவர்களில் ஒருவன் பிறகுதான் காட்டினான்.

கயிறு, விளக்கு, பெரிய துணிகள் எடுத்துக்கொண்டு போங்கள். கிணற்றுக்குள் அவன் மட்டும் இல்லை. நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களை யார் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.